குக்கரோடு இத்தாலி கிளம்புகிறவர்களுக்கு

இந்த செப்டம்பரில் இத்தாலிக்குப் படிக்கப் போகும் தம்பி, தங்கைகளுக்கு,

குக்கர் எடுத்துப்போகலாமா என்று உங்களில் பாதிப் பேர் கேட்டுவிட்டீர்கள். எடுத்துப்போங்கள். மூன்று லிட்டர் போதும். கேஸ்கட் மட்டும் இரண்டு உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். நடுக்குளிரில் அது போய்விட்டால் தேடி அலைவது பெரும்பாடு. அரிசி, பருப்பு சுமக்க வேண்டாம். நான் படித்த பொலோனியா நகரின் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் பொலோனீனா என்றொரு பேட்டை இருக்கிறது. அங்கே வங்காளதேசத்துக்காரர் கடைகளில் பச்சை மிளகாய், கொத்தமல்லிக்கட்டு வரை கிடைக்கும். கறிவேப்பிலைக்குத்தான் ஏங்கிப்போவீர்கள்.

விசா, உதவித்தொகை, வாடகை, ஸ்வெட்டர், சிம் கார்டு, எல்லாம் கேட்டீர்கள். அங்கே இருக்கிற மனிதர்களோடு எப்படிப் பழகுவது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. 2022இல் கிளம்பும்போது நானும் கேட்கவில்லை. அதற்கு எட்டு மாதம் வட்டி கட்டினேன்.

அந்த எட்டு மாதம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். யாரும் சொல்லாவிட்டால் உங்களுக்கும் அப்படித்தான் போகும். முதுகலைப் பாடம் முழுக்க ஆங்கிலத்தில். வீட்டில் நாங்கள் நான்கு பெண்கள்: ஈரோடு, கோட்டயம், குண்டூர், சென்னையில் இருந்து நான். இரவில் சாம்பார், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. வகுப்பில் இத்தாலியப் பிள்ளைகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். விடுமுறை விட்டால் ரோம், வெனிஸ், பீசா. சாய்ந்த கோபுரத்தை உள்ளங்கையால் தாங்குவதுபோல் நின்று எடுத்த படம் எங்கள் நான்கு பேரிடமும் இருக்கிறது. வீட்டில் கேட்டால் இத்தாலி முழுக்கப் பார்த்தாயிற்று. ஆனால் அந்த எட்டு மாதத்தில் ஒரு இத்தாலியர் வீட்டு வாசற்படியைக்கூட நான் மிதித்ததில்லை. எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழி விலை கேட்பதோடும் நன்றி சொல்வதோடும் நின்றிருந்தது.

ஊர்க்காரர்களோடு ஒட்டிக்கொள்வது தப்பு என்று சொல்லமாட்டேன். பொலோனியா பல்கலைக்கழகம் வளர்ந்ததே அப்படித்தான். 1088இல் தொடங்கியது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. வெளிநாடுகளிலிருந்து சட்டம் படிக்க வந்த பையன்கள் நாட்டுவாரியாகச் சங்கம் கட்டிக்கொண்டு, தாங்களே சம்பளம் கொடுத்து ஆசிரியர்களை அமர்த்தினார்களாம். அந்த வகையில் நம் பிரியாணிக் கூட்டத்துக்கு நூற்றாண்டுக் கணக்கில் பாரம்பரியம் உண்டு. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக்கொடுக்கப்போவதும் அந்தக் கூட்டம்தான். சிக்கல் என்னவென்றால், வேறு யாரும் வேண்டாம் என்கிற அளவுக்கு அது போதுமானதாக இருந்துவிடும்.

2023 மே மாதம் வந்தது. இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை பேய்மழை. எமிலியா ரொமான்யா மாநிலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஆறுகள் பெருகிக் கரை புரண்டன. 17 பேர் இறந்தார்கள். எங்கள் வகுப்பில் அதுவரை ஒரு தலையசைப்புக்கு மேல் என்னிடம் பேசியிராத பெண் ஒருத்தி வந்து, “நாளைக்கு ஃபாயென்ஸா போறோம், காரில் ஒரு இடம் இருக்கு, உன்கிட்ட பூட்ஸ் இருக்கா?” என்று கேட்டாள். இல்லை. சாயங்காலமே கடைக்குப் போய் 38 சைஸில் பச்சை ரப்பர் பூட்ஸ் ஒன்று வாங்கினேன். இத்தாலியில் நான் செய்த உருப்படியான செலவு அதுதான்.

ஃபாயென்ஸா பீங்கானுக்குப் பேர்போன ஊர். மெருகிட்ட மண்பாண்டத்துக்கு ஐரோப்பாவில் வழங்கும் ‘ஃபையான்ஸ்’ என்ற பெயரே இந்த ஊரிலிருந்து வந்ததுதான். களிமண்ணால் பேர் வாங்கிய ஊர் களிமண்ணுக்குள் கிடந்தது. அந்தச் சேற்றை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தொட்டால் தோசைமாவு மாதிரி அத்தனை நைஸ். வெயில் பட்ட இடத்தில் சிமென்ட்டாக இறுகிவிடும். சாக்கடையும் எண்ணெயும் கலந்த நாற்றம். எங்களுக்குக் கொடுத்த வீட்டில் நிலவறை நிறையச் சேறு. வாளியில் அள்ளி, படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றி, தெருவில் கொட்ட வேண்டும். நம் ஊரில் தளம் போடும்போது சித்தாள்கள் சட்டி மாற்றுவார்களே, அதே வரிசை. எனக்கு ஏழாவது படி.

இப்படி வந்து நிற்கிற பிள்ளைகளை அங்கே ‘சேற்றுத் தேவதைகள்’ என்கிறார்கள். 1966 நவம்பர் 4 அன்று ஃபுளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு புகுந்து தேசிய நூலகத்தின் புத்தகங்களை முக்கியெடுத்தபோது, எங்கெங்கிருந்தோ வந்து இதேபோல் வரிசையில் நின்று அவற்றைக் கைமாற்றி மீட்ட இளைஞர்களுக்கு வைத்த பெயர். தேவதை என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். மதியத்துக்குள் இடுப்பு ஒடிந்துவிடும்.

அந்தப் படிக்கட்டில்தான் எனக்கு மொழி வந்தது. ‘பியானோ’ என்றால் வாத்தியம் இல்லை, மெதுவாக. ‘தாய்’ என்றால் அம்மா இல்லை, ‘ம், ஆகட்டும், வா’ என்கிற உந்தல். கீழே இருந்து ஒருவர் “தாய், தாய்” என்று கத்த, ஆறாவது படிக்காரன் “பியானோ, பியானோ” என்று கெஞ்ச, நான் நடுவில் சிரித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரப் பாட்டி தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கல்யாணப் புகைப்படங்களை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். அவர் கோடைதோறும் தக்காளி காய்ச்சி அடைத்த பாட்டில்கள் நிலவறையிலிருந்து வந்தபடி இருந்தன. ஒவ்வொரு மூடியிலும் வருஷம் எழுதிய சீட்டு. வெள்ளநீர் பட்டதால் எல்லாவற்றையும் வீச வேண்டும். ஒவ்வொன்றையும் துடைத்து, வருஷத்தைப் படித்துவிட்டுத்தான் குப்பைக்குக் கொடுத்தார். என்னைப் பார்த்து, உங்கள் ஊரில் வெள்ளம் வருமா என்று கேட்டார். 2015 டிசம்பரில் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் அடையாற்றுத் தண்ணீர் வந்ததைச் சொல்ல என்னிடம் இருந்தது நாலே வார்த்தை: வீடு, தண்ணீர், அம்மா, ராத்திரி. மிச்சத்துக்குக் கழுத்தில் கையை வைத்துக் காட்டினேன். பாட்டி கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, சேற்றுக்கையோடு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து பாட்டி வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. உள்ளே போவதற்கு முன்னால் என் தோழி வாசலில் நின்று “பெர்மெஸ்ஸோ?” என்றாள். உள்ளே வரலாமா என்று அனுமதி கேட்பது. “அவாந்தி!” என்று உள்ளிருந்து குரல் வந்த பிறகுதான் காலை எடுத்து வைத்தாள். எத்தனை நெருங்கிய வீடானாலும் இது உண்டு. நீங்கள் போய் இறங்கியதும் 8 வேலைநாளுக்குள் தபால் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டிய தங்கும் அனுமதிக்கும் ‘பெர்மெஸ்ஸோ’தான் பெயர். புகையிலைக் கடையில் 16 யூரோ முத்திரைவில்லை வாங்கி ஒட்டி, காவல் அலுவலகத்தில் பத்து விரலையும் பதித்து, அட்டைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பீர்கள். அந்தச் சொல்லை நான் அதுவரை அரசாங்கத்திடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன். வீடே பதறியது, தரை குளிருமே என்று. உடனே எனக்கொரு ஜோடி வீட்டுச் செருப்பு வந்தது. இந்தக் குளிர்ப் பயம் அவர்கள் எல்லோருக்கும் உண்டு. ஈரத்தலையோடு வெளியே போகாதே, வேர்வையோடு காற்றில் நிற்காதே, கழுத்தைப் போர்த்திக்கொள். ‘காற்று அடித்துவிடும்’ என்பதற்குத் தனியாக ஒரு நோய்ப்பெயரே வைத்திருக்கிறார்கள். எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை, நம் அம்மாக்கள் எல்லோருக்கும் தெரியும்.

சாப்பாடு தாலியாத்தெல்லே, கறிக்குழம்போடு. உலகம் முழுக்க ‘ஸ்பகெட்டி பொலோனீஸ்’ என்று விற்கிற பண்டத்தைப் பொலோனியாக்காரர்கள் தங்களுடையது என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். அவர்கள் குழம்புக்கு இந்தப் பட்டை நாடாதான். வெந்த பிறகு அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972இல் பொலோனியா வணிகச் சபையில் பதிவுசெய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டுப் போய்ப் பாட்டியிடம் ஒப்பித்தேன். அவர் ஐந்து விரலையும் குவித்து மேலும் கீழும் ஆட்டினார். சாப்பிட்டாயா என்று கேட்கிறாரோ என்று “இனிமேல்தான்” என்றேன். மேசையே சிரித்தது. என்ன உளறுகிறாய் என்பது அந்தச் சைகைக்கு அர்த்தம். எட்டு மில்லிமீட்டர் பொலோனியாக்காரன் பிரச்சினை, நாங்கள் ரொமான்யா, கைக்கு வந்த அகலம்தான் என்றார்.

அடுத்த கூத்து. வயிறு முட்டிவிட்டது. ‘போதும்’ என்பதற்கு இத்தாலியில் ஒரு சொல் உண்டு; நம் எழுத்தில் எழுதினால் ‘பாஸ்தா’. சாப்பிடுகிற பாஸ்தாவும் நமக்கு அதே எழுத்துதான். அவர்களுக்கு முதல் பகரம் ஒன்றில் மெல்லியது, ஒன்றில் வலியது. என் நாக்கு இரண்டையும் ஒன்றாக்கிவிட, கையை ஆட்டி “பாஸ்தா, பாஸ்தா” என்று மன்றாடினேன். பாட்டி மனம் குளிர்ந்து இன்னொரு கரண்டி வைத்தார். இதைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டு போங்கள்.

கையை வீசிக்கொண்டு போகாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலையில் இனிப்புக் கடையில் ஒரு தட்டு வாங்கினால் காகிதம் சுற்றிக் கட்டித் தருவார்கள். அதுதான் வழக்கம். சைவக்காரர்கள் தொர்தெல்லீனி என்றால் விலகுங்கள், உள்ளே பன்றிக்கறி. கொஞ்சம் பெரிதாக இருக்கும் தொர்தெல்லோனி கேளுங்கள், உள்ளே ரிக்கோத்தா பாலாடை. ரொட்டிக்கடையில் சப்பாத்தி மாதிரி சிரிக்கும் பியாதீனாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு நான் ஆங்கிலத்தை விட்டுவிட்டு இத்தாலிய வகுப்பில் சேர்ந்தேன். அங்கே ஒரு வேடிக்கை. எல்லா நாட்டுப் பிள்ளைகளும் திணறிய இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘து’ என்றால் நீ, ‘லேய்’ என்றால் நீங்கள். இதிலென்ன கஷ்டம்? நாம் பால்குடி மறக்கும் முன்னரே கற்ற பாடம். ‘லேய்’ என்பதற்கு ‘அவள்’ என்றும் பொருள். அறுபது வயதுப் பேராசிரியரையும் இலக்கணப்படி ‘அவள்’ என்றுதான் மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்றபோது மட்டும் கொஞ்சம் தடுமாறினேன். ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் கடைக்காரப் பெரியவரையும் ‘து’ போட்டுப் பேசிவிட்டு, ஏன் முகம் கொடுக்கவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். தமிழ் வழியாகப் போங்கள்.

‘சாவ்’ என்பதும் அப்படித்தான். வரும்போதும் போகும்போதும் சொல்வது, ஆனால் ‘து’ போட்டுப் பேசுகிறவர்களிடம் மட்டும். மற்றவர்களுக்கு ‘புவோன்ஜோர்னோ’. ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவோடு போனில் பேசிக்கொண்டே மாடிப்படி இறங்கினேன். எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் “சாவ், சாவ், சாவ்” என்றேன். “விளக்கு வச்ச நேரத்துல என்னடி பேச்சு இது!” என்று அம்மா போனை வைத்துவிட்டார். நீங்கள் முன்கூட்டியே வீட்டில் சொல்லிவையுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவையுங்கள்: அங்கே ‘பார்’ என்றால் சாராயக்கடை இல்லை, டீக்கடை. நின்றுகொண்டு ஒரு மடக்கில் காபி குடித்துவிட்டுப் போகிற இடம். உட்கார்ந்தால் பல கடைகளில் காசு கூட. ‘உன் காஃபே’ என்றால் சின்னக் கோப்பையில் எஸ்பிரெஸ்ஸோ வரும். ‘லாத்தே’ என்று கேட்டால் வெறும் பால் வரும், வெட்கப்படாமல் குடித்துவிடுங்கள். முக்கியமானது, ஒரே கடை, ஒரே நேரம். ஊரெல்லாம் சுற்றி நல்ல காபி தேடாதீர்கள். எங்கள் தெருமுனைக் கடையில் காபி சுமார்தான். மூன்றாவது வாரத்தில் நான் கதவைத் தள்ளும்போதே கோப்பை வந்தது. ஐந்தாவது வாரத்தில், நான் இரண்டு நாள் வராததற்குக் காரணம் கேட்டார்கள். அங்கேதான் உமரேல்களும் பழக்கமானார்கள். பள்ளம் தோண்டுகிற இடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, தொழிலாளிக்கு யோசனை சொல்லும் ஓய்வுபெற்ற தாத்தாக்களுக்குப் பொலோனியா வைத்த பெயர் உமரேல். இத்தாலிய அகராதியிலேயே ஏறிவிட்டது. மொழி பழக இவர்களைவிட நல்ல ஆசிரியர் கிடையாது: நேரம் இருக்கிறது, மெதுவாகப் பேசுவார்கள், நீங்கள் தப்பாகச் சொன்னால் அவர்களுக்குக் கொண்டாட்டம்.

தேர்வு பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் வாய்மொழித் தேர்வு; பேராசிரியர் எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும். 30க்கு மதிப்பெண், 18 வந்தால் தேர்ச்சி. மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டு, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்பார். முதல் முறை 23 என்றார். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் நமக்கு ஏது, கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். வெளியே இத்தாலியப் பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று மறுத்துவிட்டு அடுத்த முறை திரும்ப எழுதலாமாம். தேர்வுக்கு முன் ‘ஓநாய் வாய்க்குள் போ’ என்று வாழ்த்துவார்கள். நன்றி சொன்னால் ராசி கெட்டுவிடும். ‘செத்தொழியட்டும்’ என்று பதில் சொல்ல வேண்டும். பொலோனியாவின் அசினெல்லி கோபுரத்தில் பட்டம் வாங்கும் முன் ஏறினால் பட்டம் கிடைக்காது என்பது மாணவர் ஐதீகம். நான் ஏறவில்லை. எதற்கு வம்பு.

எல்லாம் தேனும் பாலும் இல்லை. இரண்டாம் வருஷம் வீடு தேடியபோது என் உச்சரிப்பைக் கேட்டதும் “அறை போய்விட்டது” என்றார் ஒருவர். அரை மணி கழித்து என் தோழி கூப்பிட்டாள். எப்போது பார்க்க வருகிறீர்கள் என்று கேட்டார். இப்படி நான்கு வீடு. மொழி தெரியாதபோது இதெல்லாம் காதில் விழவில்லை, தெரிந்த பிறகு பேருந்தில் முணுமுணுப்பதும் புரிந்தது. அதுவும் சேர்ந்துதான் வரும். ஐந்தாவது வீடு கிடைத்தது, தெருமுனை பாரில் ஒரு உமரேல் தன் அக்காவிடம் சொல்லி வாங்கிக்கொடுத்த அறை.

அந்த அக்கா, எழுபத்து மூன்று வயது சிஞ்ஞோரா, 2024 ஆகஸ்ட் 2 அன்று என்னை ரயில் நிலையத்துக்கு அழைத்துப்போனார். பொலோனியா நிலையத்தில் ஒரு கடிகாரம் 10.25இல் நிற்கும். பழுது என்று நினைத்திருந்தேன். 1980இல் அதே தேதியில், அந்த நிமிஷத்தில், பயணிகள் காத்திருக்கும் அறையில் நவபாசிசக் கும்பல் வைத்த குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். ஆம்புலன்ஸ் போதாமல் 37ஆம் எண் நகரப் பேருந்தின் ஜன்னல்களில் படுக்கைவிரிப்பைக் கட்டி உடல்களை ஏற்றிப்போனார்கள். சமையலறையில் சத்தம் கேட்டது, கேஸ் சிலிண்டர் என்று நினைத்தேன் என்றார் சிஞ்ஞோரா. வருஷாவருஷம் ஊர்வலம் வந்து நிலையத்தின் முன்னால் நிற்கிறது. 10.25க்கு ரயில் ஊதியது. அத்தனை ஜனமும் வாயடைத்து நின்றது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் காலடியில் நாய் படுத்திருந்தது, அதுவும் அசையவில்லை. நான் அந்த நிலையத்தில் இரண்டு வருஷமாக ரோமுக்கும் வெனிஸுக்கும் வண்டி ஏறிக்கொண்டிருந்தவள்.

பலெர்மோ போனால் மோந்தே பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியா குகைக்கோயிலுக்குப் போங்கள். ஊர்க்காவல் புனிதை. ஈழத்திலிருந்து 1980களில் தொடங்கி அங்கே வந்து சேர்ந்த நம்மவர்களும், சைவர்கள் உட்பட, மலையேறி அவளைக் கும்பிடுகிறார்கள். படியில் ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். வீட்டுவேலைக்குப் போகிறவர். அவர் பேசிய இத்தாலியத்தைக் கேட்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கே படித்தீர்கள் என்றேன். “படிக்கிறதோ? நான் பாத்த கிழவிக்கு ஒருநாளும் வாய் ஓயாது பிள்ளை. அவவோட கதைச்சுக் கதைச்சு வந்தது” என்றார்.

பூட்ஸ் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். 2024 செப்டம்பரில் ஃபாயென்ஸாவில் மறுபடியும் வெள்ளம். பாட்டி வீட்டுக்கு மறுபடியும் போனேன். இந்த முறை நிலவறையில் தக்காளி இல்லை, பாட்டி எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றியிருந்தார். சேற்றை வாரிக் கழுவிவிட்டுக் கிளம்பும்போது பூட்ஸைப் பையில் வைத்தேன். விமானத்தில் இதையா தூக்கிப்போவாய் என்று பிடுங்கிக்கொண்டார். மாடியில், தக்காளி பாட்டில்களுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. 38 சைஸ், பச்சை நிறம். உங்களில் யாருக்குச் சரியாக இருக்கும் என்று எனக்கு எழுதுங்கள். பாட்டிக்குச் சொல்லிவிடுகிறேன். வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
சைதாப்பேட்டை